எதிரொலி அறை: ‘ஆம்’ உதிர்ந்துபோகும் இடம்

திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று வெறுமையாகக் கிடந்த காலத்தில், அதற்குள் இறங்கி வேலை செய்த மாமா ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். “உள்ளுக்க நிண்டு ‘டேய்’ எண்டு ஒருக்கால் கூப்பிட்டால் போதும், பத்துப் பேர் சேர்ந்து என்னை ‘டேய்’ எண்டு கூப்பிடுவாங்கள். முதல் நாள் பயந்து வெளியில ஓடி வந்திட்டன்” என்பார்.

மாமா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் ஸ்கொட்லாந்தின் இன்சின்டவுன் பற்றி வாசித்தேன். இரண்டாம் உலகப் போரை ஒட்டி பிரித்தானியக் கடற்படைக்காக நிலத்தடியில் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள் அங்கே இருக்கின்றன. வெறும் தாங்கி ஒன்றுக்குள் வெற்றுத் தோட்டா சுட்டு அளந்தபோது, 125 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி அடங்க 112 விநாடிகள் எடுத்ததாம். 2014 இல் அது கின்னஸ் பதிவாகவும் ஆனது. சீனக்குடாவின் 99 தாங்கிகளும் அதே கடற்படைக்காகக் கட்டியவைதான். மாமாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எதிரொலி அறை என்றால் இதுதான். கூப்பிட்டது ஒரு ஆள், காதில் விழுவது பத்துப் பேர்.

ஆங்கிலத்தில் ‘எக்கோ சேம்பர்’. எக்கோ கிரேக்கச் சொல். கிரேக்கப் புராணத்தில் அது ஒரு மலைத் தேவதையின் பெயர். சாபத்தால் அவளால் தானாக வாய் திறந்து பேச முடியாது; பிறர் சொன்னதன் கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ‘எக்கோ’ எடுப்பதும் அவள் பெயரில்தான். ‘எக்கோ சேம்பர்’ முதலில் ஒலிப்பதிவுக்காரர்களின் சொல். கடினச் சுவர் கொண்ட அறையில் ஒரு பக்கம் ஒலிபெருக்கி, மறுபக்கம் மைக். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைப் பாட்டோடு கலப்பார்கள். 1947 இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் இதற்குக் குளியலறையையே பயன்படுத்தினார். அங்கே அது அழகுக்காகச் செய்த வேலை. அரசியல் பேச்சில் அது குறையைச் சுட்டும் சொல்லாக மாறிவிட்டது: ஒரே கருத்துக்காரர்களுக்குள் ஒரே பேச்சு சுற்றிச் சுற்றி வந்து, பலர் சொல்வதுபோலக் கேட்கும் இடம். 2001 இல் சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீன் அதை இணையத்தோடு சேர்த்து எழுதிய பிறகு நன்றாகவே பரவியது.

உலக அரசியலில் இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் 2002 செப்டம்பர் 8. அன்று நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: ஈராக் அணுவாயுதம் செய்வதற்காக அலுமினியக் குழாய்கள் வாங்க முயன்றது. சொன்னவர்கள் பெயர் வெளியிடாத அரசு அதிகாரிகள். அதே நாள் துணை ஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி அந்தப் பத்திரிகைச் செய்தியையே எடுத்துக் காட்டினார். அரசு வட்டாரத்தில் இருந்து போன கதை பத்திரிகையில் பட்டு அரசின் வாய்க்கே திரும்பி வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கோ அரசும் சொல்கிறது, பத்திரிகையும் சொல்கிறது, இரண்டு சாட்சி. அந்தக் குழாய்கள் ரொக்கெட்டுகளுக்கானவை என்பது போருக்குப் பிறகுதான் உறுதியானது.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. ‘கடன் பொறி’ (கட்ட முடியாத கடனைக் கொடுத்து நாட்டைப் பிடிக்குள் வைப்பது) என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும் தொடர், 2017 ஜனவரியில் இந்தியக் கட்டுரையாளர் பிரம்ம செல்லானி சீனாவைப் பற்றி எழுதிய கருத்தில் இருந்து உலகெங்கும் கிளம்பியது. அந்த ஆண்டே, சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது. 2018 இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் தம் உரையில் இலங்கையை உதாரணம் காட்டினார். போகப் போக ‘கடன் கட்டாததால் துறைமுகத்தைப் பறித்துவிட்டார்கள்’ என்பதே கதையாயிற்று. குத்தகைக்கு வந்த 112 கோடி டொலர் அந்தக் கடனை அடைக்கவில்லை, நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் அப்படியே இருந்தது என்ற விபரம் சுவரில் பட்டுத் திரும்பவே இல்லை. (எங்கள் ஊரில் இதில் இன்னொரு சிக்கல். அங்கே 99 வருடம், இங்கே 99 தாங்கி, அதுவும் சீனக்குடாவில். தாங்கிகளை 99 வருடத்துக்குச் சீனாக்காரன் எடுத்துவிட்டான் என்று நம்பும் ஒருவரை எனக்குத் தெரியும். 2022 இல் ஒப்பந்தம் போட்டது இந்திய நிறுவனத்தோடு என்று சொன்னால், “அதுவும் அவங்கட ஆள்தான்” என்கிறார்.)

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பதெல்லாம் பொய் என்று இந்தச் சொல் சொல்லவில்லை. இலங்கையின் கடன் சுமை பற்றிப் பல வருடம் எச்சரித்தார்கள். 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தினோம். 2023 இல் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் நிச்சயம் என்றும் அதே அளவு உரக்கச் சொன்னார்கள்; வரவில்லை. உரப்பை வைத்து இரண்டையும் பிரித்திருக்க முடியாது.

எதை வைத்துப் பிரிப்பது என்பதற்குத் தமிழிலேயே ஒரு கருவி இருக்கிறது: ‘ஆம்’ என்ற ஒட்டு. வருகிறதாம், முடிந்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னது என்பதை ஒரே அசையில் சொல்லிவிடலாம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, பெற்றோல் கொண்டுவரும் பவுசர் லொறிக்காக செட் வரிசையில் நின்றபோது, அது உதிர்வதைக் கிட்ட நின்று பார்த்தேன். காலை ஆறு மணிக்கு எனக்கு முன்னால் நின்ற அண்ணன் சொன்னார்: “இண்டைக்கு பவுசர் வராதாம்.” எட்டு மணிக்கு அது பின்னால் இருந்து என்னிடம் வந்தது: “பவுசர் வராது.” பத்து மணிக்கு, “பவுசரைப் பாதி வழியில திருப்பிட்டாங்கள்.” அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். பவுசர் பதினொன்றரைக்கு வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எதிரொலி அறை’ நேர் மொழிபெயர்ப்புதான். அதில் ஒரு சங்கடம் உண்டு. நம் பத்திரிகைத் தலைப்புகளில் எதிரொலி என்றால் விளைவு: ‘கனமழை எதிரொலி: பாடசாலைகளுக்கு விடுமுறை.’ அதோடு, எதிர் என்றாலே மறுப்பு என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். மறுத்துப் பேசும் குரல் ஒன்றுமே கேட்காத இடத்துக்கு அந்தப் பெயரா என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. மலையாளத்தார் எக்கோவை மாற்றொலி என்கிறார்கள். அதிலும் ‘மாற்று’ வந்து குழப்பும்.

‘ஒத்தூதுதல்’ என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறதே என்பார்கள். நாதஸ்வரக் கச்சேரியில் ஒருவர் ராகம் வாசிக்க, பக்கத்தில் ஒத்துக்காரர் ஒரே சுருதியை விடாமல் ஊதுவார். அதிலிருந்து வந்தது. இப்போது அந்த இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது, சொல் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் ஒத்தூதுபவனுக்குத் தான் ஒத்தூதுவது தெரியும். எதிரொலி அறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. வெளியில் பத்துப் பேர் நிற்பதாகவே நம்புகிறார். அதனால் ஆளுக்கு ஒத்தூதி, இடத்துக்கு எதிரொலி அறை என்று வைத்துக்கொள்வதே என் விருப்பம்.

சிலர் ‘எதிரொலிக் கூடம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அறைதான் பொருத்தம். கூடம் திறந்த இடம், நாலு பேர் வந்து போவார்கள். அறை அடைத்த இடம். அதற்கு மேல், அறைதல் என்றால் அறிவித்தல் என்றும் பொருள். முரசறைதல், பறையறைதல் எல்லாம் அறிவிப்போடு சேர்ந்தவை. ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு பொருள் தமிழில் இலவசமாகச் சேர்கிறது.

பயன்பாடு: ‘அந்தக் கட்சியின் வட்ஸ்அப் குழுக்கள் ஓர் எதிரொலி அறை’ என்பது சரி. ‘பெற்றோல் விலையின் எதிரொலி அறையாக பஸ் கட்டணம் கூடியது’ என்பது பிழை. அங்கே வெறும் எதிரொலி போதும். ‘பவுசர் வராதாம்’ என்பது எப்போதும் சரி.