ஜிப்சி: திசை தவறிய ஒரு பெயர்

ஊர் ஊராகத் திரிகிறவரையும் நரிக்குறவரையும் ஐரோப்பாவில் வண்டி கட்டிக்கொண்டு போகும் ஒரு குடியையும் நம் எழுத்தில் 'ஜிப்சி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது எகிப்து.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்த அந்த ஐரோப்பியக் குடியினரின் கருத்த நிறத்தைக் கண்டவர்கள், அவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நம்பினார்கள். 'ஈஜிப்ஷியன்' தலை தேய்ந்து 'ஜிப்சி' ஆயிற்று. ஸ்பெயினில் வழங்கும் 'ஹிதானோ' என்ற பெயரும் இப்படிப் பிறந்ததே. 1530இல் இவர்களை நாட்டைவிட்டு வெளியேற்ற வந்த ஆங்கிலச் சட்டத்தின் பெயரே 'எகிப்தியர் சட்டம்'. 1554இல் வந்த அடுத்த சட்டம், போகாமல் தங்கியவர்களுக்கு மரண தண்டனை என்றது.

உண்மையில் இவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து சென்றவர்கள். அவர்களுடைய ரோமானி மொழியில் தண்ணீர் இன்றும் 'பானி', மூக்கு 'நாக்'. தங்களை அவர்கள் 'ரோம்' என்கிறார்கள். ஆண், கணவன் என்று பொருள். பன்மை 'ரோமா'. ரோம் நகரத்தோடும் ருமேனியாவோடும் இதற்கு உறவில்லை. வடமொழியின் 'டோம்ப' என்ற குலப்பெயரோடு அறிஞர்கள் இதை இணைக்கிறார்கள். 1971இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, பிறர் சூட்டிய பெயர்களை ஒதுக்கி இந்தப் பெயரையே ஏற்றது.

பெயர் பிழையானது என்பதைவிட, அதன்மேல் ஏற்றிவைத்த பழிதான் என்னை உறுத்துகிறது. 'பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்' என்று நாம் குழந்தைகளை அடக்குவதுபோல, ஐரோப்பாவிலும் ஜிப்சியைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். 2013 அக்டோபரில் கிரேக்கத்தில் ஒரு ரோமா குடியிருப்பில் பொன்னிற முடியுள்ள சிறுமி இருந்ததைக் கண்டதும், கடத்தப்பட்ட குழந்தை என்று உலகமே பேசியது. மரபணுச் சோதனையில் அவளைப் பெற்றவர்கள் பல்கேரிய ரோமா தம்பதி என்று தெரிந்தது. அதே வாரம் அயர்லாந்தில், முடியின் நிறத்தை வைத்தே இரண்டு ரோமா குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து போலீசார் பிரித்தெடுத்தார்கள். இருவரும் அந்தந்தப் பெற்றோரின் பிள்ளைகளே என்று தெரிந்து, வீடு திரும்பினார்கள். சொந்தப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று நிரூபிக்க வேண்டிய நிலையை எந்தத் தாய்க்கும் வைக்கலாமா?

'அலைவது இவர்கள் இரத்தத்தில் ஊறியது' என்பது இன்னொரு தவறான எண்ணம். இன்று ஐரோப்பிய ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் நிலையான வீடுகளில் வாழ்கிறார்கள். இன்றைய ருமேனியாவின் பகுதிகளில் 1850களின் நடுப்பகுதிவரை, பல நூற்றாண்டுகள் இவர்கள் அடிமைகளாக இருந்தார்கள். நினைத்த இடத்துக்குப் போகவே உரிமையில்லை. பிரிட்டனில் வண்டிகளில் வாழ்வோருக்கு இடம் ஒதுக்கும் கடமையை 1968இல் உள்ளாட்சிகளுக்கு விதித்த அரசு, 1994இல் அதை நீக்கியது. 2022இல் வந்த சட்டமோ, பிறர் நிலத்தில் அனுமதியின்றித் தங்கி, போகச் சொல்லியும் போகாதவர்களின் வண்டியைப் பறிக்கவும் வழி செய்தது. அவர்களுக்கு அந்த வண்டிதான் வீடு.

தமிழில் எப்படிச் சொல்வது? மக்களைக் குறிக்க 'ரோமா' என்றே எழுதலாம். இங்கிலாந்தில் சிலர் 'ஜிப்சி' என்பதைத் தாங்களே விரும்பி ஏற்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் அச்சொல் இருக்கட்டும். வாழ்முறையைக் குறிக்க நம்மிடம் 'நாடோடி' இருக்கிறது: நாடு + ஓடு + இ, விறகுவெட்டி போல. 'நாடோடிப் பாடல்' என்னும்போது இந்தச் சொல்லில் ஒரு களங்கமும் இல்லை. 'நாடோடிப் பயல்' என்று ஏசும்போதுதான் அது அழுக்காகிறது. ஆனால் வீட்டில் வாழும் ரோமா ஒருவரை நாடோடி என்பதும் பிழையே.

நரிக்குறவர் ரோமா அல்லர்; தமிழ் பேசும் குறவரும் அல்லர். அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உண்மைதான். அதற்காக இரு குடிகளும் ஒன்றாகிவிடா. தங்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயர் 'வாக்ரி'.