ஏசியில் ஐஸ் கட்டினால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் அம்மாப்பேட்டையில் ஒரு வீடு. "தம்பி, கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து போட்டுட்டுப் போங்க" என்று அந்த அம்மா போனிலேயே முடிவு சொல்லிவிட்டார். நேற்று வரை ஐஸ் கட்டியதாம், இன்று வெறும் காற்றுதான் வருகிறதாம். இண்டோர் மூடியைத் திறந்தேன். தறி ஓடுகிற தெரு அது. ஃபில்டர் முழுக்கப் பஞ்சுத் தூசி, விரலால் இழுத்தால் கம்பளி மாதிரி உரிந்து வந்தது. பின்னால், காற்றைக் குளிர வைக்கும் குழாய்த் தொகுப்பான காயிலில் ஒரு பொத்தல், அதைச் சுற்றி எண்ணெய்க் கறை. ஐஸைப் பெயர்க்க மகன் சமையல்கட்டுக் கத்தியால் குத்தியிருக்கிறார். குழாயடியில் ஃபில்டரைக் கழுவினால் தீர்ந்திருக்கும் வேலை, காயிலையே மாற்றுவதில் போய் நின்றது. இந்தக் கோடையில் எனக்கு இது மூன்றாவது வீடு.

கேஸ் தீராது. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். அது பெட்ரோல் இல்லை, சமையல் சிலிண்டர் இல்லை, எரிந்து குறைய. மூடிய குழாய்க்குள் இண்டோரில் ஆவியாகி, அவுட்டோரில் மறுபடி திரவமாகி, அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் அப்படித்தானே? பத்து வருடமாக ஓடுகிறதே, அதற்கு வருடம் ஒருமுறை கேஸ் போடுகிறீர்களா? குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். "எங்கே லீக், காட்டுங்க" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். எடை போடும் தராசு இல்லாமல் ஆர்-32 (ஏசி கேஸில் ஒரு வகை) ஏற்ற வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், இல்லையென்று சொல்லவில்லை. அப்போது பெரும்பாலும் அவுட்டோரில் மெல்லிய குழாயில் ஐஸ் படியும், தடித்த குழாய் குளிராமல் கிடக்கும். தடித்த குழாயும் சேர்ந்து உறைந்து, காயில் முகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் முதலில் காற்றோட்டத்தைத்தான் பார்ப்பேன்: ஃபில்டர், அப்புறம் காற்றைத் தள்ளும் ப்ளோயரின் இறக்கைகளில் அப்பிய அழுக்கு. அறைக் காற்று காயிலில் பட்டால்தான் அதற்குச் சூடு கிடைக்கும். படாவிட்டால் சுழியத்துக்கும் கீழே இறங்கி, காற்றின் ஈரமே உறைகிறது.

ஏற்காட்டில் காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியே குளிரடிக்கும் ராத்திரியில் 16-ல் வைத்து ஓட்டினால் நல்ல ஏசியும் உறையக்கூடும். 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று அரசே விதி வைத்திருக்கிறது. அந்த 24 போதும்.

ஐஸ் பார்த்தால் கூலிங்கை நிறுத்துங்கள். ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடட்டும், கீழே ஒரு துணி விரியுங்கள், தண்ணீர் சொட்டும். கத்தி, ஸ்க்ரூடிரைவர், வெந்நீர் எதுவும் வேண்டாம். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தறிக்கூடம் பக்கத்தில் இருந்தால் வாரம் ஒருமுறை, மற்ற வீடுகளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அதற்கப்புறமும் உறைந்தால் ஓட்டாமல் கூப்பிடுங்கள். உறைந்த காயிலோடு ஓட்டினால் ஆவியாகாத கேஸ் திரவமாகவே திரும்பிப் போய்க் கம்ப்ரசரைத் தின்றுவிடும்.