முருங்கைப் பொடிக்கு எண்ணெய் துணை

பள்ளிக் காலை உணவில் போடும் உப்புமாவில் முருங்கையிலைப் பொடி கலந்தால் பிள்ளைகளுக்குச் சத்து சேருமா, காய்ந்த இலையில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். அது வற்றியதும் புரதம், கால்சியம், இரும்பு எல்லாம் எடைக்கு எடை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். வைட்டமின் சி மட்டும் காயும்போதே பெரும்பாலும் அழிந்துபோகும். ஆரஞ்சைவிட ஏழு மடங்கு என்று பாக்கெட்டில் அச்சிடுவது பச்சை இலையின் கணக்கு. அப்புறம், யாரும் பொடியை நூறு கிராம் தின்பதில்லை. பிள்ளைக்குப் போகும் 5 கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. இரும்பும் செடிச் சத்துகளோடு பிணைந்து கிடப்பதால் கொஞ்சம்தான் உடலில் சேரும். எலுமிச்சை பிழிந்தால் அது கூடும்.

சின்னக் கரண்டி அளவிலும் பெரிய வேலை செய்யக்கூடியது பீட்டா கரோட்டின். அடிப்படையில் ஆரஞ்சு நிறம், இலைப்பச்சைக்குள் மறைந்திருக்கிறது. 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீளமான சங்கிலி. தண்ணீரில் கரையவே கரையாது. உணவில் எண்ணெய் இருந்தால் பித்தநீர் சுரந்து வந்து, அந்த எண்ணெயை நுண்ணிய உருண்டைகளாக்கும். கரோட்டின் அவற்றுக்குள் ஏறிக்கொண்டுதான் சிறுகுடல் செல்லுக்குள் நுழைய முடியும். அங்கே ஒரு நொதி காத்திருக்கிறது. அது சங்கிலியைச் சரியாக நட்டநடுவில் வெட்டுகிறது. 20 கார்பன் கொண்ட இரண்டு துண்டுகள். இரண்டும் ரெட்டினல் (retinal), அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். மங்கிய வெளிச்சத்தில் நம் விழித்திரை ஒளியைப் பிடிப்பது இதே மூலக்கூறை வைத்துத்தான்!

இதைவிட அழகு, இந்த நொதிக்கு அளவு தெரியும் என்பது. உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு சேர்ந்ததும், அதிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் போய் நொதியின் உற்பத்தியையும் கரோட்டின் நுழையும் வாசலையும் குறைத்துவிடுகிறது. மாத்திரையாக வைட்டமின் ஏ அளவுமீறினால் நஞ்சாகும். கீரை வழியாக வந்தால் அந்தப் பயம் இல்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளுக்குக் கீரையோடு 5 கிராம் எண்ணெய் சேர்த்தபோது இரத்தத்தில் வைட்டமின் ஏ இன்னும் நன்றாக உயர்ந்தது. ஆக, உப்புமா நல்ல இடம்தான். தாளிக்கும் எண்ணெயைக் குறைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கரோட்டினுக்கு நிறம் தரும் இரட்டைப் பிணைப்புகளே அதன் பலவீனமும்கூட. வெயிலும் காற்றும் அவற்றைச் சிதைக்கும். அதனால் இலையை நிழலில் உலர்த்தி, ஒளி புகாத டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். பழுப்பேறிய பொடியை வாங்காதீர்கள். அடுப்பை அணைத்தபின் கலப்பது நல்லது.

முந்நூறு நோய் தீரும் என்று முருங்கையை விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவம் ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது. அதன்பின் சாப்பாடுதான் வழி. நம் பள்ளிகளிலேயே பொடி போட்ட உணவு, போடாத உணவு என இரு பிரிவு வைத்து, பிள்ளைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ-யையும் ஹீமோகுளோபினையும் ஓராண்டு அளந்து பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். மாவட்டந்தோறும் பொடி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.