கல்லுக்குப் பாலைத் திட்டாதீர்கள்

வேலந்தாவளத்திலிருந்து வந்த அம்மா கற்பூரத்தாளைப் பிரித்துக் காட்டினார். சிறுநீரில் விழுந்த கடுகளவு சிறுநீரகக் கல், கறுப்பாக, முள்ளு முள்ளாக. "ரெண்டு வருசமா பாலு, மோரு எதையும் தொடலீங் டாக்டர். அப்புறமும் எப்படீங் வந்துச்சு?" வயிற்றில் நீளத் தழும்பு. குடல் முறுக்கிக் கறுத்ததால் சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கோயம்புத்தூரில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கல்லுக்கு ஸ்கேன் பார்த்தது பாலக்காட்டில். குடல் ஆபரேஷன் காகிதத்தை அங்கே யாரும் பார்க்கவில்லை. இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள்.

பாலை நிறுத்தச் சொன்னவர்களில் ஒரு டாக்டரும் உண்டு. எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். கல்லில் கால்சியம் இருக்கிறது, சரி. அதற்காகப் பாலை விடுவதா? சாப்பாட்டோடு போகும் கால்சியம்தான் கீரையிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டி மலத்தோடு தள்ளுகிறது. அது இல்லையென்றால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும், அங்கே கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும். 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வில், திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை 5 வருடம் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு, கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான் கல் வந்தது.

குடல் வெட்டியவர்களுக்குக் கதை இன்னும் மோசம். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சுவது அந்தக் கடைசிப் பகுதிதான். அது போனால் பித்தம் பெருங்குடலில் கொட்டி, உட்சவ்வைக் கசிய வைக்கிறது. ஆக்சலேட் தாராளமாக உள்ளே போகிறது. செரிக்காத கொழுப்பு வேறு இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். (மலம் பெருங்குடல் வழியே போகாமல் வயிற்றில் பை வைத்தவர்களுக்கு இந்த ஆக்சலேட் தொல்லை இல்லை.)

இத்தனைக்கும் மேல், கொழுப்பு கரைய என்று தினமும் இலும்பன்புளிச் சாறு! ஆக்சலேட் நிறைந்த புளிப்புக் காய் அது. மீன்குழம்பில் இரண்டு காய் போடுங்கள், யார் தடுத்தது? கேரளத்தின் 5 மருத்துவமனைகளில் இந்தச் சாற்றால் சிறுநீரகம் கெட்ட 10 பேரைப் பற்றி 2013இல் எழுதினார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ்.

மோரை மதியச் சோற்றோடு ஊற்றிக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரை தந்திருந்தால் சாப்பாட்டோடு. படுக்கப் போகும்போது அல்ல. எண்ணெய்ப் பலகாரம், பாலக்கீரை குறையட்டும். வைட்டமின் சி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீர் நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். வயிற்றுப்போக்கைப் 'பழகிப்போச்சு' என்று விடாதீர்கள், பித்தத்தைக் கட்டும் பொடி இருக்கிறது, கேளுங்கள்.

கல்லுக்கு எங்கே போனாலும் பழைய ஆபரேஷன் காகிதத்தையும் எடுத்துப் போங்கள், அம்மா. தொலைந்திருந்தால் தழும்பையாவது காட்டுங்கள்.