மூச்சுப் படாத கண்ணாடிக் குண்டு

அமெரிக்கப் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் "கையால் ஊதிய கண்ணாடி பேப்பர் வெயிட்" என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். கையால் செய்தது என்பது சரி. ஊதியது என்பதில்தான் இடிக்கிறது. பாட்டிலை ஊதலாம், கிண்ணத்தை ஊதலாம். அவற்றுக்கு உள்ளே காலியிடம் வேண்டும். பேப்பர் வெயிட் முழுக்கக் கெட்டி. துளையுள்ள ஊதுகுழலுக்கு அங்கே வேலையில்லை. கெட்டியான இரும்புக் கம்பியின் நுனியிலேயே அது உருவாகிறது. அதன் அழகு, அதில் விழும் விரிசல், போலியைப் பிடிக்கும் வழி மூன்றுமே அந்தக் கெட்டித்தன்மையிலிருந்துதான் வருகின்றன.

1840களின் நடுவில் வெனிசிலும் பிரான்சிலும் கிளம்பிய இந்த மோகம், அடுத்த பத்தாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வந்துவிட்டது. அங்கே பெயர்பெற்றவை இரண்டு ஆலைகள். 1818இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனி ஒன்று. டெமிங் ஜார்வ்ஸ் 1825இல் கேப் காட் கரையோரம் சாண்ட்விச் ஊரில் தொடங்கியது இன்னொன்று. கடற்கரை மணலுக்காகத்தான் அங்கே போனார் என்று தோன்றும். ஆனால் அந்த மணல் நல்ல கண்ணாடிக்கு உதவாது. நியூ ஜெர்சியிலிருந்து வரவழைத்தார்கள். ஜார்வ்ஸ் கண் வைத்தது சுற்றியிருந்த காட்டு விறகின் மேல்!

இந்தப் பேப்பர் வெயிட்டுக்குள் ஒரு பூ தெரியும். அதுவும் கண்ணாடிதான். வண்ணக் கண்ணாடிக் குச்சிகளை விளக்குச் சுடரில் இளக்கி, இதழ் இதழாகக் கிள்ளி ஒட்டுவார்கள். பிரான்சின் சான் லூயி ஆலையில் தொழில் கற்று, பிறகு சாண்ட்விச்சில் வேலை பார்த்த நிக்கோலஸ் லுட்ஸ் இதில் பெரிய கை. முடிந்த பூவைச் சூடாகவே வைத்திருந்து, கம்பியில் சுற்றியெடுத்த உருகிய கண்ணாடியை அதன்மேல் அழுத்தி ஒட்டி எடுப்பார்கள். அப்புறம் மீண்டும் உலையில் முக்கி மேலே இன்னொரு படலம். ஈர மரக் கிண்ணத்துக்குள் வைத்து உருட்டினால் பூவுக்கு மேலுள்ள கண்ணாடி கூரைபோல வளையும். மரத்திலிருந்து கிளம்பும் நீராவியே இடையில் மெத்தை மாதிரி நின்று கண்ணாடியில் கீறல் விழாமல் காக்கும். இதழ்மேல் பனித்துளி போல மின்னுவது காற்றுக்குமிழி. சின்னக் குழி குத்தி, மேலே கண்ணாடியால் மூடினால் காற்று மாட்டிக்கொள்ளும்.

பூ நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வளைந்த கூரையின் வேலை. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், கண்ணாடிக்குச் சுமார் 1.5. பூ, கூரை வளைவின் மையத்தில் இருந்தால் மேலிருந்து பார்க்கையில் ஒன்றரை மடங்காகத் தெரியும். ஆரத்தில் பாதி ஆழத்திலேயே இருந்தால் 1.2 மடங்குதான். பூவுக்கு மேலே கண்ணாடி எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குப் பூ பெருக்கும். மேசையில் கிடக்கும் சாதாரண பேப்பர் வெயிட்டைச் செய்தித்தாள் எழுத்தின்மேல் வைத்தாலே இது விளங்கும். பக்கவாட்டில் குழிவாகப் பட்டை தீட்டினால் நேர்மாறு: ஒவ்வொரு குழியிலும் ஒரு குட்டிப் பூ. இதே கூரை வெயிலையும் குவிக்கும் என்பதால், ஜன்னலோரம் காகிதக் கட்டின்மேல் இதை வைப்பது தீயோடு விளையாடுவதுதான்.

கெட்டியாக இருப்பதால் ஒரு தொல்லையும் உண்டு. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளிப்புறம் இறுகிய பிறகும் உட்புறம் இளகியே இருக்கும். அது பின்னால் சுருங்கும்போது எல்லாவற்றையும் உள்நோக்கி இழுக்கும். அந்த இழுவிசை தங்கிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அதனால்தான் செய்து முடித்ததும் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். அப்படியும் பூவின் வண்ணக் கண்ணாடியும் மேலே உள்ள தெளிந்த கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்கவில்லை என்றால் இதழோரம் விரிசல் விழும். பழையதை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் துருவமுனைப்புத் தாள்கள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவே பேப்பர் வெயிட்டை வைத்துப் பார்த்தால், உள்ளே அழுத்தம் தங்கிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும்.

போலியைப் பிடிக்க ஆர்க்கிமிடிஸ் போதும். மாசசூசெட்ஸ் ஆலைகள் புழங்கியது ஈயக் கண்ணாடி. அதன் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், 3ஐ ஒட்டியோ மேலேயோ நிற்கும். 1930களில் சீனாவில் செய்த நகல்கள் மலிவான சோடா சுண்ணாம்புக் கண்ணாடி; அடர்த்தி சுமார் 2.5. குண்டை நூலில் கட்டி எடை போடுங்கள், பிறகு தண்ணீரில் முழுக்கி எடை போடுங்கள். 600 கிராம் குண்டு தண்ணீரில் 400 கிராம் காட்டினால் ஈயக் கண்ணாடி. 360க்கு இறங்கினால் விலையும் இறங்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு அடங்காத ஒன்று உண்டு. நியூ இங்கிலாந்து ஆலை ஆப்பிள், பேரிக்காய் வடிவில் செய்த பேப்பர் வெயிட்கள். பிரான்சின் பக்காரா ஆலையிலிருந்து வந்த பிரான்சுவா பியேரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு பழம், தெளிந்த கண்ணாடி வட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பழத்தை மட்டும் உண்மையிலேயே ஊதித்தான் செய்தார்கள். உள்ளே காலி என்பதால், தண்ணீரில் முழுக்கினால் அசல் ஈயக் கண்ணாடிகூட நகலைவிட லேசாகக் கணக்குக் காட்டும்.