உங்கள் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன தெரிகிறது?

ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பக்கத்துச் சிறிய தங்குமிடங்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பதும், மற்றவர்கள் செய்ததைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். "கூகுளில எங்க பேரே வருதில்ல தம்பி" என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பக்கத்தின் வடிவமைப்பை அல்ல. அதன் நிரலில் மேலே, பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல் இருக்கும் மெட்டா டேக்குகளைத்தான்.

ஹப்புத்தளைக் குடும்பம் ஒன்று நடத்தும் ஹோம்ஸ்டேயின் தளம் அண்மையில் வந்தது. படங்கள் அருமை. ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் டைட்டில், அதாவது தேடலில் தெரியும் தலைப்பு, 'ஹோம்' என்றே இருந்தது. அறைகள் பக்கமும் ஹோம், வரும் வழியும் ஹோம். தலைப்பின் கீழே சிறு விளக்கமாக வர வேண்டிய டிஸ்கிரிப்ஷன் காலி, அதனால் பக்கத்திலிருந்த குக்கீஸ் அறிவித்தலையே கூகுள் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் முகவரி மட்டும். மோசடி லிங்குகள் இவ்வளவு சுற்றும் காலத்தில் அப்படி வருவதை யார் தொடுவார்?

டைட்டிலை இப்படி மாற்றினோம்: 'ஹப்புத்தளையில் தேயிலைத் தோட்டத்து நடுவே தங்குமிடம்', அதன் பிறகு ஹோம்ஸ்டேயின் பெயர். கைப்பேசியில் நீளமான டைட்டில் வெட்டுப்படும், தமிழ் எழுத்துக்கு இடமும் கூடுதலாக வேண்டும். அதனால்தான் ஊரும் தொழிலும் முன்னால். டிஸ்கிரிப்ஷனில் 'லிப்டன் சீட் போகிறவர்களுக்கு வசதியான இடம், சுடுதண்ணீர், வீட்டுச் சாப்பாடு, ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவோம்' என்று எழுதினோம். இந்தக் குளிரில் சுடுதண்ணீர் உண்டா என்பதுதானே விருந்தாளி கேட்கும் முதல் கேள்வி! ஆங்கிலப் பக்கத்துக்கு ஆங்கிலத்திலேயே தனி டைட்டில், தனி டிஸ்கிரிப்ஷன் கொடுத்தோம்.

டிஸ்கிரிப்ஷன் எழுதினால் தரவரிசை ஏறாது. வரிசையில் தெரியும்போது தேடுபவரை உங்கள் லிங்கைத் தொட வைப்பதுதான் அதன் வேலை. சில நேரம் கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துக்கொள்ளும், பரவாயில்லை. தேடும் சொற்களைப் பட்டியலாகப் போடும் கீவேர்ட்ஸ் டேக்கின் கதையே வேறு. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. இன்றும் 'ஐம்பது கீவேர்ட்ஸ் போட்டு முதலிடம் எடுத்துத் தருகிறோம்' என்று இங்கே காசு வாங்குகிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பகிரும்போது தெரியும் படமும் தலைப்பும் ஓப்பன் கிராஃப் டேக்குகளிலிருந்து வருகின்றன. பேஸ்புக் 2010இல் கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பும் அதையே வாசிக்கிறது. படம் 1200க்கு 630 பிக்சல் இருந்தால் நல்லது. கோப்பைச் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்குங்கள். படத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுதாகக் கொடுங்கள். சில இடங்களில் சதுரமாக வெட்டித்தான் காட்டும், எனவே முக்கியமானது நடுவில் இருக்கட்டும்.

எந்தப் படம்? எல்லவில் பலர் ஒன்பது வளைவுப் பாலத்தையே போடுகிறார்கள். அந்தப் பாலம் எல்லோருக்கும் பொது. பத்து லிங்க் வந்தால் பத்திலும் அதே பாலம். எதில் உங்கள் அறை என்று விருந்தாளிக்கு எப்படித் தெரியும்? உங்கள் வராந்தாவை, காலையில் அங்கிருந்து தெரியும் மலையைப் போடுங்கள்.

படத்தை மாற்றியும் பழையதே வருகிறதென்றால் பயப்பட வேண்டாம். பகிரும் லிங்கைச் சோதிக்கும் பேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் கருவியில் முகவரியைப் போட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் உடனே பார்க்க வேண்டுமானால் லிங்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய நட்டம் நோஇண்டெக்ஸ் என்ற ஒற்றைச் சொல்லால் வருகிறது. தளத்தைக் கட்டும்போது கூகுள் எட்டிப் பார்க்காமலிருக்க அதைப் போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறப்பார்கள். அது இருக்கும்வரை அந்தப் பக்கம் தேடலில் வராது. வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் கருவியில் பக்கத்தை மறுபடி சேர்க்கக் கோர வேண்டும். அது நடக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிடும். நல்லதண்ணி, மஸ்கெலியா பக்கம் அறை விடுபவர்கள் ஒக்டோபரிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.