"ஆப்பரேஷன் வேணாம்"னு சொன்னாலும் ரிஸ்க் இருக்கு

நான் எலும்பு டாக்டர். பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புகிட்ட தொடை எலும்பு உடைஞ்சு வர்ற வயசானவங்க எங்க வார்டுல எப்பவும் ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க. எக்ஸ்ரேவ காட்டி ஆப்பரேஷன்னு சொன்ன உடனே வீட்டுக்காரங்க கேக்கறது, "இந்த வயசுல தாங்குவாங்களா டாக்டர்?" நியாயமான கேள்விதான், ஆனா "பண்ணாம விட்டா என்ன ஆகும்"னு யாரும் கேக்கறதில்ல.

பண்ணாம விட்டா, அசைஞ்சாலே உயிர் போற வலி, அதனால திரும்பிப் படுக்க மாட்டாங்க, படுத்தே கிடந்தா முதுகுல புண்ணு வரும், நிமோனியா வரும், கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையும், யூரின் இன்ஃபெக்‌ஷன் வேற. அதனாலதான் உடம்பு இடம் கொடுத்தா 48 மணி நேரத்துக்குள்ள ஆப்பரேஷன முடிச்சு எழுப்பி உக்கார வைக்கப் பாக்கறோம். மறைக்க விரும்பல, ஆப்பரேஷன் பண்ணாலும் ஒரு வருஷத்துக்குள்ள அஞ்சுல ஒருத்தர் கிட்டத்தட்ட தவறிடறாங்க. பண்ணாம படுத்துட்டவங்க நிலைமை பொதுவா இதைவிட ரொம்ப மோசம், ஆனா காதுல விழறது முதல் நம்பர் மட்டும்தான்.

ஏன்னா கையெழுத்து. நாம சைன் போட்டு ஏதாவது ஆயிட்டா "நீதானே கத்தி வைக்கச் சொன்ன"ன்னு சொந்தக்காரங்க காலத்துக்கும் பேசுவாங்க, சைன் போடாம மூணு மாசம் கழிச்சு போனா "வயசாயிடுச்சு, விதி"ன்னு முடிஞ்சிடும். (துபாய்லேர்ந்து வீடியோ கால்ல வர்ற பெரிய பையன் ஆப்பரேஷன் வேணாம்ங்கறதுல இன்னும் உறுதியா இருப்பார், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடப் போறது மருமகதான்.) 1990ல இலானா ரிட்டோவ், ஜோனதன் பாரன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் தடுப்பூசி கேள்வியா வச்சு பாத்தாங்க: நோயால 10,000 குழந்தைங்கள்ல 10 பேர் இறப்பாங்க, ஊசி போட்டா அந்த நோய் வராது, ஆனா ஊசியாலயே சில பேர் இறக்கலாம், எத்தனை பேர் வரைக்கும்னா ஒத்துக்குவீங்க? கணக்குப்படி 9 வரைக்கும் ஊசிதான் லாபம், நிறைய பேர் அவ்ளோ தூரம் வரவே இல்ல. நம்ம கையால நடக்கறது பெருசா தெரியுது, சும்மா இருந்ததால நடக்கறது கணக்குலயே வர்றதில்ல.

இதுல டாக்டருங்களும் சுத்தம் கிடையாது. 1982ல வந்த ஒரு ஆய்வுல, நுரையீரல் கேன்சர் ஆப்பரேஷனத் தாண்டி 90% பேர் பொழைப்பாங்கன்னு ஒரு குரூப்புக்கு, 10% பேர் இறப்பாங்கன்னு இன்னொரு குரூப்புக்கு சொன்னாங்க. ரெண்டும் ஒரே கணக்கு, ஆனா பொழைப்பாங்கன்னு கேட்டவங்கதான் ஆப்பரேஷன அதிகமா தேர்ந்தெடுத்தாங்க, டாக்டருங்க குரூப்லயும் அதே கதை. அதனால நான் எந்தப் பக்கம் சாஞ்சு நம்பர் சொன்னாலும் திருப்பிக் கேளுங்க, பண்ணா எத்தனை பேர் இருப்பாங்க எத்தனை பேர் போவாங்க, பண்ணலன்னா எத்தனை, ரெண்டுக்கும் அப்புறம் நடப்பாங்களான்னு.

எல்லாருக்கும் ஆப்பரேஷன்தான்னு சொல்லல, ஏற்கனவே படுத்த படுக்கையா இருக்கறவங்க, கடைசி கட்ட நோய்ல இருக்கறவங்களுக்கு வலிய மட்டும் குறைச்சு வீட்ல வச்சுப் பாத்துக்கறதே சரியா இருக்கலாம், அதையும் பேசித்தான் முடிவு பண்ணணும். பேசறப்போ பாட்டியையும் கேளுங்க. வார்டு வாசல்ல ஏழு பேர் நின்னு விவாதம் பண்ணுவாங்க, அவங்க உள்ள முழு நினைவோட படுத்திருப்பாங்க. நான் போய் கேட்டா பெரும்பாலும் வர்ற பதில், "வலி நிக்கணும்யா, பாத்ரூமுக்கு நானா போகணும்."